எல்லாமே முக்கியம் என்பவரிடம் எப்படிக் கேட்பது?

உணவுப் பொருள் வாங்கும்போது உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டு ஒரு படிவம் வருகிறது. ருசி, விலை, சத்து, பாதுகாப்பு என்று வரிசையாகப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள். ருசி இல்லாமல் சாப்பிட முடியுமா? 5. விலை பார்க்காமல் வாங்க நாம் என்ன ஜமீனா? அதற்கும் 5. கெட்டுப்போனதை யார் தின்பார்கள்? பாதுகாப்புக்கும் 5. சுற்றுச்சூழல் என்று வரும்போது மனச்சாட்சி கொஞ்சம் உறுத்தும். ஒரு 4 போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

நிரப்பியவர் பொய் சொல்லவில்லை. எல்லாமே அவருக்கு முக்கியம்தான். ஒன்றுக்கு 5 போட்டால் இன்னொன்றுக்குக் குறைத்தாக வேண்டும் என்று படிவம் கேட்கவில்லையே. ஆயிரம் பேரிடம் வாங்கிக் கூட்டிப் பார்த்தால் சராசரிகள் எல்லாம் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். போதாததற்கு, மதிப்பெண் போடுவதில் தாராளக்காரர்களும் உண்டு, கஞ்சர்களும் உண்டு. ஒருவருடைய 4 இன்னொருவருடைய 5க்குச் சமமா என்று யாராலும் சொல்ல முடியாது. நாடு விட்டு நாடு ஒப்பிடும்போது இந்தத் தொல்லை இன்னும் பெருகும். ஓர் ஊரில் நடுக்கட்டத்தையே தேடிக் குறிப்பார்கள். இன்னோர் ஊரில் தயங்காமல் ஓரத்துக்குப் போவார்கள்.

1987இல், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோர்டன் லூவியர் இதற்கு ஒரு மாற்று யோசித்தார். முழுப் பட்டியலையும் மதிப்பிடச் சொல்ல வேண்டாம். நாலைந்தை மட்டும் முன்னால் வைத்து, இவற்றில் மிக முக்கியமானது எது, மிகக் குறைந்த முக்கியம் உள்ளது எது என்று இரண்டை மட்டும் குறிக்கச் சொல்லலாம். பிறகு வேறு நாலைந்தை வைத்து அதே கேள்வியைக் கேட்கலாம். 1992இல் ஆடம் ஃபின் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட முதல் கட்டுரையும் உணவைப் பற்றியதுதான். உணவுப் பாதுகாப்பைப் பற்றிய மக்களின் கவலையை அவர்களுடைய மற்றக் கவலைகளோடு வைத்து எப்படி அளப்பது என்பது அதன் கேள்வி. இந்த முறைக்குப் பெயர் பெஸ்ட்-வர்ஸ்ட் ஸ்கேலிங். சந்தை ஆய்வு நிறுவனங்களில் மேக்ஸ்டிஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

2009இல் ஜேசன் லஸ்க், பிரையன் பிரிகமன் என்ற இரு அமெரிக்க வேளாண் பொருளாதார அறிஞர்கள் இந்த முறையை உணவு வாங்குவோரிடம் முழுதாகப் பயன்படுத்தினார்கள். இயற்கைத் தன்மை, ருசி, விலை, பாதுகாப்பு, வசதி, சத்து, பாரம்பரியம், எங்கே விளைந்தது, விளைவித்தவர் முதல் விற்பவர் வரை எல்லாருக்கும் நியாயமான பங்கு, தோற்றம், சுற்றுச்சூழல் என்று 11 மதிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பாதுகாப்பு, சத்து, ருசி, விலை நான்கும் மேலே வந்தன. நியாயம், பாரம்பரியம், விளைந்த இடம் மூன்றும் அடியில் தங்கின. 1 முதல் 5 வரை கட்டம் போட்டிருந்தால் நியாயத்துக்கும் பாரம்பரியத்துக்கும் நல்ல மதிப்பெண்தான் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். அவற்றுக்கு எதிராக மதிப்பெண் போட யாருக்கு மனம் வரும்?

இரண்டு முனையையும் ஏன் கேட்க வேண்டும், பிடித்ததை மட்டும் கேட்டால் போதாதா? நான்கு பொருள்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கிலிருந்து ஆறு ஜோடிகள் வரும். ருசியை மேலே வைத்தவுடன், அது மற்ற மூன்றையும்விட முக்கியம் என்று தெரிந்துவிடுகிறது. மூன்று ஜோடிகள் தீர்ந்தன. விளைந்த இடத்தைக் கீழே வைத்தவுடன், நடுவில் உள்ள இரண்டும் அதைவிட மேல் என்று தெரிகிறது; இன்னும் இரண்டு. ஆக இரண்டே குறிகளில் ஆறில் ஐந்து ஜோடிகளுக்கு விடை கிடைக்கிறது. நடுவில் இருக்கும் இரண்டில் எது மேல் என்பது மட்டும் தெரியாமல் நிற்கும். மனிதர்கள் தடுமாறுவதும் அந்த நடுவில்தான். உச்சியும் அடியும் சட்டென்று சொல்ல வரும். பத்துப் பொருளை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தச் சொன்னால் ஐந்தாவதும் ஆறாவதும் பெரும்பாலும் ஒப்புக்கு நிரப்பப்படுவது இதனால்தான்.

எந்தக் கேள்வியில் எந்த நான்கு வர வேண்டும் என்பதுதான் இந்த முறையின் உயிர். கண்ணை மூடிக்கொண்டு கலந்து போட்டால், விலை எப்போதும் பலவீனமான கூட்டத்தோடு வந்து எளிதில் ஜெயித்துவிடலாம். ருசியும் பாதுகாப்பும் ஒரு முறைகூட நேருக்கு நேர் சந்திக்காமல் போகலாம். ஒவ்வொரு பொருளும் சம அளவில் வர வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் சம அளவில் சந்திக்க வேண்டும். இந்தச் சிக்கலை வயலில் இருந்தவர்கள் முன்பே தீர்த்து வைத்திருந்தார்கள். ஒரே மாதிரி மண் உள்ள பாத்தி சிறியது, சோதிக்க வேண்டிய விதை ரகங்களோ அதிகம்; எல்லா ரகத்தையும் ஒரே பாத்தியில் விதைக்க முடியாது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த ஃபிராங்க் யேட்ஸ் 1936இல் இதற்கான சமநிலைப் பகுதி வடிவமைப்பை எழுதினார். அத்தகைய வடிவமைப்புகளைக் கட்டுவது எப்படி என்று 1939இல் கணித வழியில் காட்டியவர் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்த ஆர். சி. போஸ். பாத்தி இருந்த இடத்தில் கேள்வியும் ரகம் இருந்த இடத்தில் ருசி, விலையும் வந்துவிட்டன. கணக்கு மாறவில்லை.

11 மதிப்புகளை விட்டுவிட்டு, கை பழகுவதற்காக ஏழை மட்டும் எடுத்துக்கொள்வோம். ருசி, விலை, பாதுகாப்பு, சத்து, வசதி, விளைந்த இடம், சுற்றுச்சூழல். கேள்விக்கு நான்கு வீதம் போட்டால் ஏழே கேள்விகளில் வேலை முடியும். ஒவ்வொரு பொருளும் நான்கு முறை வரும். ஒவ்வொரு ஜோடியும் சரியாக இரண்டு முறை சந்திக்கும். இதெல்லாம் முடிந்தபின் மேலதிகாரி ஒருவர் வந்து, தோற்றத்தையும் சேர்த்துவிடுங்களேன், ஒன்றுதானே என்பார். எட்டுப் பொருளுக்கு, கேள்விக்கு நான்கு வீதம், அதே சமநிலை வேண்டுமென்றால் குறைந்தது 14 கேள்விகள் வேண்டும். ஒரு பொருள் கூடியதில் கேள்வித்தாள் இரண்டு மடங்காகிவிட்டது. 13 பொருளுக்கோ 13 கேள்விகளே போதும், ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு முறை சந்திக்கும். எண்கள் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். அதனால் பட்டியலை முடிவுசெய்யும் கூட்டத்திலேயே வடிவமைப்பு அட்டவணையும் மேசைமேல் இருப்பது நல்லது.

இனி மென்பொருள். காசு கொடுத்து வாங்கக்கூடியவற்றில் சாட்டூத் நிறுவனத்தின் மென்பொருள் இந்தத் துறையில் பழையது, பரவலானது. கேள்வித்தாள் முதல் முடிவு வரை அதுவே பார்த்துக்கொள்ளும். கைக்காசு இல்லாதவர்களுக்கு ஆர் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் 1990களில் தொடங்கிய இலவசப் புள்ளியியல் மொழி அது. ஜப்பானியரான ஹிடேயோ ஐஸாக்கி இந்த முறைக்கென்றே சப்போர்ட்.பிடபிள்யுஎஸ் என்ற தொகுப்பை அதில் எழுதி வைத்திருக்கிறார். ஆர் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் எட்டிப்பார்க்க முடிவதால், கற்றுக்கொள்கிறவருக்கு நான் ஆரைத்தான் சொல்வேன்.

வடிவமைப்பை உருவாக்க கிராஸ்டெஸ் என்ற தொகுப்பு உண்டு. ஏழு பொருள், ஏழு கேள்வி, கேள்விக்கு நான்கு என்று மூன்று எண்களைக் கொடுத்தால் அட்டவணை வந்துவிடும். இங்கே இரண்டு கவனம் வேண்டும். நீங்கள் கேட்ட எண்களுக்குச் சமநிலை வடிவமைப்பு கணிதப்படி சாத்தியமே இல்லாவிட்டாலும் மென்பொருள் ஏதோ ஓர் அட்டவணையைத் தந்துவிடும். அது உண்மையிலேயே சமநிலை உள்ளதுதானா என்று சோதிக்கும் கட்டளை தனியாக இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. அடுத்தது, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு அட்டவணை வரலாம். களத்தில் ஒரு தாள், கணினியில் வேறொரு அட்டவணை என்று ஆகிவிட்டால் திரட்டிய பதில்கள் எல்லாம் குப்பை. தற்செயல் எண்ணுக்கான தொடக்க எண்ணை முதலிலேயே பதிந்துவைத்து, கிடைத்த அட்டவணையையும் தனிக் கோப்பாகச் சேமித்துவிட வேண்டும்.

பதில்களை உள்ளிடுவது எளிது. ஒருவருக்கு ஒரு வரி. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பத்திகள், மேலே வைத்தது எத்தனையாவது, கீழே வைத்தது எத்தனையாவது. ஏழு கேள்விக்கு 14 எண்கள்.

முதலில் வெறுமே எண்ணிப் பாருங்கள். 100 பேர் பதில் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம்; கீழே வருபவை கணக்குக்காக நான் போட்டுக்கொண்ட எண்கள். ருசி ஒவ்வொருவர் முன்னும் நான்கு முறை வந்திருப்பதால் மொத்தம் 400 முறை தலைகாட்டியிருக்கிறது. அதில் 180 முறை மேலே போனது, 20 முறை கீழே போனது. 180இலிருந்து 20ஐக் கழித்து 400ஆல் வகுத்தால் 0.4. விளைந்த இடம் 40 முறை மேலே, 160 முறை கீழே என்றால் மதிப்பு எதிர்மறை 0.3. எப்போதும் மேலே போகும் பொருளுக்கு 1, எப்போதும் கீழே போவதற்கு எதிர்மறை 1. இன்னொரு கணக்கும் உண்டு. மேலே போனதைக் கீழே போனதால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பது. ருசிக்கு 9இன் வர்க்கமூலம், அதாவது 3. விளைந்த இடத்துக்கு கால் பங்கின் வர்க்கமூலம், அரை. ருசி ஏறக்குறைய ஆறு மடங்கு என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். இந்த எண்ணிக்கைகளைச் சிலர் மட்டமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடிவமைப்பு சமநிலையாக இருந்தால், பெரிய மாதிரிகள் பின்னால் தரப்போகும் வரிசையையே பெரும்பாலும் இந்தக் கழித்தல் கணக்கும் தந்துவிடும். சிக்கலான மாதிரி ஒரு முடிவைக் காட்ட, எளிய எண்ணிக்கை வேறு கதை சொன்னால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எண்ணிக்கைக்கு அடுத்த படி லாஜிட் மாதிரி. இதன் வேர் மூன்று இடத்தில் இருக்கிறது. மனத்துக்குள் நடக்கும் ஒப்பீட்டை அளக்கலாம் என்று 1927இல் தர்ஸ்டன் காட்டினார். தேர்வுக்கான விதியை 1959இல் டங்கன் லூஸ் வகுத்தார். உண்மையான பதில்களிலிருந்து அந்த மதிப்புகளைக் கறந்தெடுக்கும் வழியை 1974இல் டேனியல் மெக்ஃபேடன் செம்மைப்படுத்தினார். 2000இல் பொருளாதார நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. கருத்து இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் மனத்தில் ஒரு மதிப்பு உண்டு. நான்கு பொருள்களில் மேலும் கீழுமாக இரண்டைப் பொறுக்க 12 வழிகள். எந்த இரண்டுக்கும் இடையே மதிப்பு இடைவெளி பெரிதோ அந்த இரண்டு பொறுக்கப்படும் வாய்ப்பும் பெரிது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதுதான் பொறுக்கப்படும் என்று கட்டாயமில்லை; அவசரம், அசட்டை, தயக்கம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறது.

இதற்காக மென்பொருள் ஒவ்வொரு கேள்வியையும் 12 வரிகளாக விரிக்கிறது. உண்மையில் பொறுக்கிய ஜோடிக்கு எதிரே 1, மற்ற 11க்கு எதிரே 0. ஒருவருக்கு 84 வரிகள், நூறு பேருக்கு 8,400 வரிகள். மேலே வைத்த பொருளுக்கு நேர்க்குறி, கீழே வைத்ததற்கு எதிர்க்குறி. கையால் இதைச் செய்கிறவர்கள் சறுக்குவது இந்தக் குறியில்தான். எதிர்க்குறி விட்டுப்போனால் எல்லாரும் வெறுத்த பொருள் பட்டியலின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். முதலில் மேலே உள்ளதைத் தேர்ந்து, மிச்சம் மூன்றில் கீழே உள்ளதைத் தேர்கிறார்கள் என்று படிப்படியாக வைத்துக் கணக்கிடும் மாற்று வடிவமும் ஐஸாக்கியின் தொகுப்பில் உண்டு. விரித்த வரிகளை சர்வைவல் என்ற தொகுப்பிலுள்ள க்ளாஜிட் கட்டளைக்குக் கொடுத்தால் முடிவு வந்துவிடும். நோயாளிகள் எத்தனை காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணிக்க எழுதிய தொகுப்பில் ருசிக்கும் விலைக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டுக்கும் அடியில் ஓடும் சமன்பாடு ஒன்றே என்பதால் இந்த இரவல்.

முடிவில் ஆறு எண்கள்தான் வரும், ஏழு வராது. முதலில் பார்ப்பவர்கள் திகைப்பது இங்கே. ஒப்பிட்டே கேட்டதால் ஒப்பீடுதான் விடையாக வரும். ஏதாவது ஒரு பொருளைச் சுழியத்தில் நிறுத்தித்தான் மற்றவற்றை அளக்க முடியும். சுற்றுச்சூழலைச் சுழியமாக வைத்தோம், வசதிக்கு 0.7, பாதுகாப்புக்கு 1.1 வந்தது என்றால், வசதி சுற்றுச்சூழலைப்போல் சுமார் இரண்டு மடங்கு, பாதுகாப்பு சுமார் மூன்று மடங்கு. இயற்கை மடக்கையின் அடிமானத்துக்கு இந்த எண்களை அடுக்காகப் போட்டால் இந்த மடங்குகள் கிடைக்கும். ஏழின் மடங்குகளையும் கூட்டி, ஒவ்வொன்றும் அந்தக் கூட்டுத்தொகையில் எத்தனை சதவீதம் என்று எழுதினால் படிப்பவருக்குச் சிரமமில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் மென்பொருள் போடும் நட்சத்திரங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பொருள் சுழியத்தில் நிறுத்திய பொருளிலிருந்து வேறுபடுகிறது என்பதுதான் அந்த நட்சத்திரத்தின் அர்த்தம். சுழியத்துக்கு வேறு பொருளை மாற்றினால் நட்சத்திரங்களும் இடம் மாறிவிடும்.

அறிக்கைகளில் அடிக்கடி நான் பார்க்கும் பிழை ஒன்று உண்டு. நகரத்தாருக்குப் பாதுகாப்பு 1.6, கிராமத்தாருக்கு 0.8, ஆகவே நகரத்தார் இரு மடங்கு அக்கறை உள்ளவர்கள் என்று எழுதிவிடுவார்கள். லாஜிட் எண்களில் விருப்பத்தின் பலமும் பதிலின் உறுதியும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு கூட்டம் களைப்பிலோ கேள்வி புரியாமலோ முன்னுக்குப்பின் முரணாகப் பதில் சொன்னால், அவர்களுடைய எண்கள் அத்தனையும் சுழியத்தை நோக்கிச் சுருங்கும். அக்கறை குறைந்ததா, குழப்பம் கூடியதா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கூட்டங்களை ஒப்பிட வேண்டுமானால் பொருள்களின் வரிசை மாறுகிறதா, ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறுகிறதா என்று பார்ப்பது பத்திரம்.

அடியில் வந்த பொருள் முக்கியமில்லாதது என்று படிப்பதும் அதே அளவு பரவலான பிழை. லஸ்க், பிரிகமன் ஆய்வில் விளைந்த இடம் கீழே வந்ததால் அமெரிக்கர்களுக்கு அது பொருட்டே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பட்டியலின் மற்றப் பத்தோடு வைத்துப் பார்க்கையில் கடைசிப் பக்கம் வந்தது, அவ்வளவுதான். பட்டியலில் இருக்கும் எல்லாமே ஒருவருக்கு உயிர் போகும் விஷயமாக இருக்கலாம், எல்லாமே அற்பமாகவும் இருக்கலாம். இரண்டிலும் இந்த முறை தரும் எண்கள் ஒன்றுபோலவே இருக்கும். எது முக்கியம், எது அற்பம் என்ற எல்லைக்கோடு வேண்டுமென்றால் ஒவ்வொரு கேள்விக்குக் கீழும், இந்த நான்குமே உங்களுக்கு முக்கியமா, ஒன்றுகூட முக்கியமில்லையா, சிலது மட்டுமா என்று கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். கேள்வித்தாள் நீளும், வேறு வழியில்லை.

சராசரி என்பதும் ஆளை ஏமாற்றும். பாதிப் பேர் ஒன்றைத் தலையில் வைத்து, மீதிப் பேர் அதையே காலடியில் போட்டால் அது நடுவில் வந்து நிற்கும். நடுத்தர அக்கறை உள்ள மனிதர் ஒருவர்கூட அங்கே இல்லாமல் இருக்கலாம். எண்ணிக்கை முறையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். ஆள்வாரியாகக் கழித்தல் கணக்குப் போட்டு, அந்த மதிப்புகள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்று பாருங்கள். இன்னும் ஆழமாகப் போக, மக்களைச் சில மறைந்த கூட்டங்களாகப் பிரிக்கும் மாதிரிகளும், ஒவ்வொருவருக்கும் தனித்தனி மதிப்பைக் கணிக்கும் பேய்சிய அடுக்கு மாதிரிகளும் உண்டு. ஒருவர் தரும் ஏழு பதில்களிலிருந்து ஏழு மதிப்புகளைத் திடமாகக் கணிக்க முடியாது என்பதால், மற்றவர்களின் போக்கிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கி நிரப்புவது பேய்சிய மாதிரியின் உத்தி. லஸ்க்கும் பிரிகமனும் சராசரியோடு நிற்காமல் தனிமனித மதிப்புகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அந்த மதிப்புகளுக்கும் பதில் சொன்னவர்கள் ஆர்கானிக் உணவைத் தேர்வதற்கும் தொடர்பு இருந்தது. கேள்வித்தாளில் சொன்னது கடையில் செய்வதோடு ஒட்டிப்போகிறதா என்ற சந்தேகத்துக்கு இந்தத் துறையில் கிடைக்கும் நல்ல பதில்களில் அது ஒன்று.

இதுவரை சொன்னது தனித்தனிப் பொருள்களை ஒப்பிடும் வகை. ஒரே நிலைமையின் பல அம்சங்களை வைத்துக் கேட்பது வேறு வகை. இங்கிலாந்தில் முதியோரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உருவான ஐஸ்கேப்-ஓ அளவுகோல் அப்படிப்பட்டது. அன்பும் உறவும், எதிர்காலத்தைப் பற்றிய நிம்மதி, தான் பயனுள்ளவர் என்ற உணர்வு, மகிழ்ச்சி, பிறர் தயவில்லாமல் இருப்பது என்று ஐந்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். ஒருவரின் வாழ்க்கை நிலையை இப்படி ஐந்து வரிகளில் எழுதிக் காட்டி, இதில் மிக நல்லது எது, மிக மோசமானது எது என்று 65 வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டார்கள். முழு நிலைமைகளையே அக்கம்பக்கமாக வைத்துக் கேட்கும் மூன்றாவது வகையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஐஸாக்கி தனித்தனித் தொகுப்பு எழுதியிருக்கிறார்.

களத்துக்குப் போகுமுன் ஓர் ஒத்திகை அவசியம். ஏழு பொருளுக்கும் நீங்களே மதிப்புகளைத் தீர்மானியுங்கள். அந்த மதிப்புகளோடு கொஞ்சம் தற்செயலைக் கலந்து, இருநூறு கற்பனை மனிதர்களின் பதில்களை ஆரில் உருவாக்குங்கள். பிறகு அந்தப் பதில்களை உங்கள் நிரலில் ஓட்டி, நீங்கள் வைத்த மதிப்புகள் ஏறக்குறைய திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள். எதிர்க்குறி விட்டுப்போனது, பத்திகள் மாறிப்போனது, அட்டவணை கேள்வித்தாளோடு பொருந்தாதது எல்லாம் இந்த ஒரு சோதனையில் வெளியே வந்துவிடும். இருநூறுக்குப் பதில் ஐம்பது பேரை வைத்தும் ஓட்டிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து மதிப்புள்ள இரண்டு பொருள்கள் இடம் மாறி மாறி வந்தால், களத்தில் எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கு விடை அங்கேயே கிடைக்கும்.